டிவைஸ் ட்ரீ பைண்டிங், கெர்னல் ஆவணம்: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது?

லினக்ஸ் கெர்னலில் ஒரு சிப்புக்கு ஆதரவு சேர்ப்பது என்றால் டிரைவர் எழுதுவதோடு முடிவதில்லை. அந்த சிப்பை டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் மர வடிவ விவரணை) எப்படி விவரிக்க வேண்டும் என்று சொல்லும் பைண்டிங் கோப்பு வேண்டும், போர்டுக்கான டிடிஎஸ் கோப்பு (அந்த விவரணையின் மூலக் கோப்பு) அதற்குப் பொருந்த வேண்டும், ஆவணமும் பிழையில்லாமல் உருவாக வேண்டும். இந்த மூன்றிலும் வரும் பிழைச்செய்திகள் முதலில் பார்ப்பவரைக் குழப்பிவிடும். செய்தி ஓரிடத்தைக் காட்டும், கோளாறு வேறிடத்தில் இருக்கும். அதனால் இங்கே எல்லாவற்றையும் அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

உதாரணத்துக்கு பலருக்கும் தெரிந்த ஒரு சிப்பை வைத்துக்கொள்வோம்: பாஷ் நிறுவனத்தின் பிஎம்இ280. காற்றழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம் மூன்றையும் அளக்கும் சென்சார். பெரும்பாலும் ஐ2சி பஸ்ஸில் மாட்டுவார்கள். எஸ்டிஓ பின்னை எங்கே இணைக்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் முகவரி பதினாறடி (ஹெக்ஸ்) எண்ணில் 76 அல்லது 77.

கொஞ்சம் பின்னணி. ஒரு காலத்தில் ஆர்ம் போர்டு ஒவ்வொன்றுக்கும் கெர்னலுக்குள் தனி சி கோப்பு இருந்தது. அந்தக் குவியலை 2011இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கடுமையாகக் கண்டித்த பிறகு, வன்பொருள் விவரங்கள் மெல்ல டிவைஸ் ட்ரீக்கு இடம்பெயர்ந்தன. யோசனை அதற்கும் பழையது. சன் ஸ்பார்க், பவர்பிசி இயந்திரங்களில் இருந்த ஓப்பன் ஃபர்ம்வேரிலிருந்து வந்தது. பைண்டிங்குகள் நெடுங்காலம் வெறும் டெக்ஸ்ட் கோப்புகளாகத்தான் இருந்தன. அவற்றை யாமல் வடிவ ஸ்கீமாவாக (எந்தப் பண்பு எப்படி வரலாம் என்ற விதித் தொகுப்பாக) மாற்றத் தொடங்கிய பிறகுதான் இயந்திரமே சரிபார்க்க முடிந்தது. அந்தச் சரிபார்ப்பு இரண்டு மேக் இலக்குகளாக இருக்கிறது. 'டிடி_பைண்டிங்_செக்' பைண்டிங் கோப்பையும் அதில் உள்ள எடுத்துக்காட்டையும் பார்க்கும். 'டிடிபிஸ்_செக்' உண்மையான போர்டு கோப்புகளை எல்லா ஸ்கீமாக்களோடும் ஒப்பிடும். எது எதைப் பார்க்கிறது என்பது மனதில் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

அறிகுறி: சோதனை தொடங்கவே இல்லை, அல்லது நீங்கள் தொடாத கோப்புகளில் எச்சரிக்கை கொட்டுகிறது

முதலில் 'டிடிஸ்கீமா' என்ற பைத்தான் தொகுப்பின் பதிப்பைப் பாருங்கள். கெர்னல் குறைந்தபட்சப் பதிப்பு ஒன்றைக் கேட்கும். உங்களிடம் இருப்பது அதைவிடப் பழையது என்றால் அங்கேயே நின்றுவிடும். பதிப்பு ஏற்கப்பட்டும் ஒன்றிரண்டு ஆண்டு பழையதாக இருந்தால், சம்பந்தமே இல்லாத கோப்புகளில் எச்சரிக்கை வரலாம். பைத்தானில் தனி மெய்நிகர் சூழல் உருவாக்கி, அதில் பிப் மூலம் புதுப்பித்துக்கொள்ளுங்கள். 'யாமல்லிண்ட்' கருவியையும் அதிலேயே நிறுவிவிடுங்கள். அது இல்லாவிட்டால் இடைவெளி, வரி உள்தள்ளல் பிழைகள் உங்களுக்குத் தெரியாது. நீங்கள் அனுப்பும் பேட்சை (மாற்றத் தொகுப்பை) பார்ப்பவருக்குத் தெரியும்.

புதுப்பித்த பிறகும் எச்சரிக்கை இருந்தால், உங்கள் மாற்றம் இல்லாத கெர்னலில் ஒரு முறை ஓட்டி வெளியீட்டைச் சேமியுங்கள். பிறகு மாற்றத்தோடு ஓட்டி இரண்டையும் டிஃப் செய்யுங்கள். புதிதாக வந்த வரிகள் மட்டுமே உங்களுடையவை. முழு மரத்தையும் ஓட்ட நேரம் பிடிக்கும் என்பதால் 'டிடி_ஸ்கீமா_ஃபைல்ஸ்' என்ற மாறியில் உங்கள் யாமல் கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும். ஆனால் பேட்ச் அனுப்பும் முன் ஒரு தடவையாவது அந்த மாறி இல்லாமல் ஓட்டுங்கள். உங்கள் ஸ்கீமா இன்னொருவருடைய எடுத்துக்காட்டை உடைப்பது அப்போதுதான் தெரியவரும்.

அறிகுறி: ஐடி வரியிலிருந்து பாதையைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறது

கோப்பின் பெயரை மாற்றியிருப்பீர்கள், அல்லது வேறு பைண்டிங்கிலிருந்து நகலெடுத்திருப்பீர்கள். மேலே உள்ள டாலர் ஐடி வரியில் இருக்கும் பாதையும் கோப்பு இருக்கும் இடமும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பெயர் வைக்கும்போது கம்பாட்டிபிள் சரத்தையே (நோடு எந்த சிப் என்று அடையாளம் காட்டும் பெயர்) கோப்புப் பெயராக வைப்பது வழக்கம்.

அறிகுறி: எடுத்துக்காட்டில் சின்டாக்ஸ் எரர், ஆனால் அந்த வரி எண் யாமல் கோப்பில் இல்லை

யாமல் கோப்பின் கடைசியில் நீங்கள் எழுதும் எடுத்துக்காட்டைக் கருவி தனியே பிரித்து, தலைப்பும் உறையும் சேர்த்து ஒரு தற்காலிக டிடிஎஸ் கோப்பாக மாற்றுகிறது. பிழைச்செய்தி சொல்லும் வரி எண் அந்தக் கோப்பினுடையது. பில்ட் கோப்புறைக்குள் 'எக்ஸாம்பிள்' என்ற பின்னொட்டோடு அது இருக்கும். திறந்து அந்த வரியைப் பாருங்கள். பெரும்பாலும் 'ஜிபிஐஓ_ஆக்டிவ்_லோ' அல்லது 'ஜிஐசி_எஸ்பிஐ' போல ஒரு மாறிலி அங்கே அப்படியே நிற்கும். அதை எண்ணாக மாற்றும் தலைப்புக் கோப்பை எடுத்துக்காட்டின் முதல் வரியில் இன்க்ளூட் செய்ய மறந்திருப்பீர்கள். சேர்த்ததும் சரியாகிவிடும்.

இதற்கு அடுத்தபடியாக வருவது ரெஜ் (சாதனத்தின் முகவரியைச் சொல்லும் பண்பு) பற்றிய எச்சரிக்கை. பிஎம்இ280 நோடை (மரத்தில் அந்தச் சிப்புக்கான பகுதியை) எடுத்துக்காட்டில் நேரடியாக எழுதி, ரெஜ் மதிப்பாக 76 என்று கொடுத்தால், அதன் நீளம் 4 பைட், அது பொருந்தவில்லை என்று டிவைஸ் ட்ரீ கம்பைலரான டிடிசி சொல்லும். எண்ணில் தவறில்லை. அந்தத் தற்காலிக உறை, முகவரிக்கு ஒரு செல் (4 பைட் எண்), அளவுக்கு ஒரு செல் என்று வைத்துக்கொண்டிருக்கிறது. ஆக 8 பைட்டை எதிர்பார்க்கிறது. ஐ2சி சாதனத்துக்கு அளவு என்று ஒன்று கிடையாது. எனவே உங்கள் நோடை ஒரு ஐ2சி நோடுக்குள் வையுங்கள், அதில் அட்ரஸ்-செல்ஸ் 1, சைஸ்-செல்ஸ் 0 என்று எழுதுங்கள். எச்சரிக்கையை அடக்க ரெஜ்ஜில் இன்னொரு எண்ணைச் சேர்த்தால் உள்ளதும் கெடும்.

64 பிட் போர்டுகளில் இதே கோளாறு வேறு வடிவில் வரும். எஸ்ஓசி (போர்டின் முதன்மை சிப்) நோடு முகவரிக்கும் அளவுக்கும் இரண்டிரண்டு செல் கேட்கும், 32 பிட் போர்டிலிருந்து நகலெடுத்த ரெஜ்ஜில் இரண்டே எண் இருக்கும். எப்போதும் தாய் நோடின் செல் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் ரெஜ்ஜைத் தொட வேண்டும்.

அறிகுறி: ஒரு பண்பு எந்த ரெஜெக்ஸோடும் பொருந்தவில்லை, அல்லது 'அன்இவாலுவேட்டட்' பண்புக்கு அனுமதி இல்லை

அதிகம் வருவதும், அதிகம் தவறாகத் திருத்தப்படுவதும் இதுதான். டிடிஎஸ் கோப்பில் ஒரு பண்பு இருக்கிறது, ஸ்கீமாவில் அது இல்லை. செய்தியின் பொருள் இவ்வளவே. இரண்டில் எது தவறு என்பதைக் கருவி சொல்லாது. அதை முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள்.

முதலில் எழுத்துப் பிழை பாருங்கள். 'விடிடிஏ-சப்ளை' என்பதை 'விடிடி-சப்ளை' என்று எழுதியிருக்கலாம். டிரைவர் அதைப் படிக்காது, கெர்னல் போலி ரெகுலேட்டர் (மின்வழங்கி) ஒன்றைக் கொடுத்துவிடும், போர்டும் ஓடும். அதனால்தான் ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படாது. ஸ்கீமா சோதனை இப்படிப்பட்ட பிழைகளைப் பிடித்துத் தருவதற்காகவே அதை நான் மதிக்கிறேன்.

பெயர் சரி என்றால், அது ஒரு பொதுப் பண்பா என்று பாருங்கள். எஸ்பிஐ பஸ்ஸில் மாட்டும் சாதனம் என்றால் கடிகார வேகம் போன்றவை பொது ஸ்கீமாவில் வரையறுக்கப்பட்டிருக்கும். உங்கள் கோப்பு அந்தப் பொது ஸ்கீமாவை ரெஃப் மூலம் இழுத்திருக்க வேண்டும். ரெஃப் இருக்கும் கோப்பில் முடிவு வரி 'அன்இவாலுவேட்டட்-ப்ராப்பர்ட்டீஸ்' பொய் என்று இருக்க வேண்டும். 'அடிஷனல்-ப்ராப்பர்ட்டீஸ்' பொய் என்று வைத்தால், ரெஃப் வழியாக வரும் பண்புகளையும் அது நிராகரிக்கும். இந்த ஒரு வரியை மாற்றினாலே பத்துப் பதினைந்து எச்சரிக்கைகள் ஒரே நேரத்தில் மறைவதைப் பார்க்கலாம்.

இரண்டும் இல்லை, பண்பு உண்மையிலேயே புதியது என்றால், டேட்டாஷீட்டைத் திறவுங்கள். சிப்பிலோ போர்டிலோ அப்படி ஒரு பின், ஒரு மின்தடை, ஒரு கடிகாரம் இருக்கிறதா? இருந்தால் ஸ்கீமாவில் சேருங்கள். 'எத்தனை மில்லிவினாடிக்கு ஒரு முறை படிக்க வேண்டும்' என்பது போன்ற பண்பு என்றால், அது வன்பொருளின் குணம் இல்லை, மென்பொருளின் விருப்பம். அதற்கு டிவைஸ் ட்ரீயில் இடமில்லை. டிடிஎஸ்ஸிலிருந்து எடுத்துவிடுவதுதான் திருத்தம். எச்சரிக்கை போகட்டும் என்று கடைசி வரியை 'உண்மை' என்று மாற்றிவிடுவது வேண்டாம். அப்படி மாற்றிய ஸ்கீமா எழுத்துப் பிழையையும் ஏற்றுக்கொள்ளும். சரிபார்ப்பு இருந்தும் இல்லாததற்குச் சமம்.

இந்த இடத்தில் இன்னொன்று. நிறுவன முன்னொட்டோடு புதுப் பண்பு சேர்க்கும்போது, ஒன்றன் கீழ் ஒன்றாக ஆறேழு வரியில் நீண்ட செய்தி வரும்: டைப் தேவை, டிஸ்கிரிப்ஷன் தேவை, ரெஃப் தேவை என்று. பயந்துவிடாதீர்கள். 'ஹின்ட்' என்று தொடங்கும் வரியை மட்டும் படியுங்கள், என்ன செய்ய வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். பெரும்பாலும் வகையைக் குறிப்பிடாததுதான் காரணம். பெயரின் முடிவில் மைக்ரோவோல்ட், ஹெர்ட்ஸ் போன்ற அங்கீகரிக்கப்பட்ட அலகுப் பின்னொட்டு இருந்தால் வகையைத் தனியாக எழுத வேண்டியதில்லை, கருவிக்கே தெரியும். எண்ணைக் குறிக்கும் பண்புக்கு அலகோடு பெயர் வைக்கச் சொல்வதில் இந்த நன்மையும் இருக்கிறது.

அறிகுறி: கம்பாட்டிபிள் 'டூ லாங்' அல்லது 'டூ ஷார்ட்'

டிடிஎஸ்ஸில் இரண்டு சரம், ஸ்கீமாவில் ஒன்று, அல்லது நேர்மாறு. புது சிப் ஒன்று பழைய சிப்பைப் போலவே இயங்கினால், புதிய பெயரை முதலிலும் பழைய பெயரை அடுத்தும் எழுதுவது வழக்கம். அட்மெல் 24சி வகை ஈஈப்ராம்களின் பைண்டிங்கில் இதற்கு நல்ல உதாரணங்கள் இருக்கின்றன: வேறு நிறுவனத்தின் சிப்புக்கு அதன் சொந்தப் பெயர் முதலில், அட்மெல் பெயர் பின்னால். ஸ்கீமாவில் இதை 'ஐட்டம்ஸ்' பட்டியலாக எழுத வேண்டும், தனிச் சரமாகவும் வரக்கூடியவற்றைத் தனி கிளையில் வைத்து 'ஒன்-ஆஃப்' போட வேண்டும்.

எச்சரிக்கையை நிறுத்த டிடிஎஸ்ஸிலிருந்து முதல் சரத்தை நீக்கிவிடத் தோன்றும். நீக்காதீர்கள். நாளைக்கு அந்தச் சிப்பில் மட்டும் ஒரு குறை கண்டுபிடிக்கப்பட்டால், டிரைவர் அதை அடையாளம் காண இருக்கும் ஒரே வழி அந்தப் பெயர்தான். சிப் எண்ணின் நடுவே எக்ஸ் போட்டு ஒரு குடும்பத்துக்கே பெயர் வைப்பதும் கூடாது. அதே எக்ஸுக்குள் பிறகு வரும் சிப் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

அறிகுறி: கம்பாட்டிபிளுக்கு எந்த ஸ்கீமாவும் கிடைக்கவில்லை

கம்பாட்டிபிள் சரத்தில் எழுத்துப் பிழை இல்லை என்றால், அந்த சிப்பின் பைண்டிங் இன்னும் பழைய டெக்ஸ்ட் வடிவிலேயே இருக்கிறது, அல்லது எழுதப்படவே இல்லை. டெக்ஸ்ட் கோப்பு இருந்தால் அதை யாமலுக்கு மாற்றிக் கொடுப்பது, கெர்னலுக்குப் புதிதாக வருபவர்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலைகளில் ஒன்று. ஆனால் பழைய கோப்பை அப்படியே நம்ப வேண்டாம். டிரைவர் எந்தெந்தப் பண்புகளைப் படிக்கிறது, கெர்னலில் இருக்கும் போர்டுகள் எதை எழுதியிருக்கின்றன என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விட்டுப்போனதைச் சேர்த்தால், ஏன் சேர்த்தீர்கள் என்று கமிட் செய்தியில் எழுதுங்கள்.

மாற்றிய பிறகு வரும் பக்கவிளைவு ஒன்று உண்டு. பழைய டெக்ஸ்ட் கோப்பின் பாதை மெயின்டெய்னர்ஸ் கோப்பிலும், வேறு ஆவணங்களிலும், சில சமயம் சி கோப்பின் குறிப்புகளிலும் இருக்கும். கோப்பை நீக்கியதும் தானியங்கி பில்ட் பாட் 'இல்லாத கோப்பைக் குறிப்பிடுகிறது' என்று அஞ்சல் அனுப்பும். 'ரெஃப்செக்டாக்ஸ்' என்ற மேக் இலக்கை ஓட்டினால் அனுப்பும் முன்பே இவற்றைப் பிடித்துவிடலாம்.

அறிகுறி: எச்டிஎம்எல் ஆவணம் உருவாக்கும்போது எச்சரிக்கை

கெர்னல் ஆவணம் 2016 முதல் டாக்புக்கிலிருந்து ஸ்ஃபிங்ஸ் என்ற ஆவணக் கருவிக்கு மாறியது. முழு ஆவணத்தையும் உருவாக்கத் தேவையில்லை; 'ஸ்ஃபிங்ஸ்டர்ஸ்' மாறியில் உங்கள் கோப்புறையைக் கொடுங்கள்.

டாக்ட்ரீயில் (பொருளடக்கப் பட்டியலில்) சேர்க்கப்படவில்லை என்றால், அந்தக் கோப்புறையின் இண்டெக்ஸ் கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். தலைப்பின் அடிக்கோடு குட்டை என்றால் நீட்ட வேண்டும். 'அன்எக்ஸ்பெக்டட் இண்டென்டேஷன்' என்றால் பெரும்பாலும் பட்டியலுக்கு முன்னால் ஒரு வெற்று வரி விட்டுப்போயிருக்கும். எம்ஃபசிஸ் தொடங்கி முடியவில்லை என்று வந்தால், சி பாயின்டரின் நட்சத்திரக் குறியை ஸ்ஃபிங்ஸ் சாய்வெழுத்து என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சொல்லை இரட்டை பேக்டிக்கில் வையுங்கள்.

கெர்னல்-டாக் கருவியிலிருந்து வருபவை வேறு வகை. ஒரு அளவுரு விவரிக்கப்படவில்லை என்றால், யாரோ செயல்கூறை மாற்றிவிட்டு மேலே உள்ள குறிப்பை மாற்றவில்லை. அங்கே பெயரை மட்டும் எழுதி, பக்கத்தில் அதே பெயரைத் திரும்ப எழுதுபவர்கள் இருக்கிறார்கள். எச்சரிக்கை போய்விடும், படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. அந்த அளவுருவுக்கு 'நல்' (வெற்று பாயின்டர்) கொடுக்கலாமா, லாக் பிடித்திருக்க வேண்டுமா, அலகு என்ன என்று ஒரு வரி எழுதுங்கள். அது ஒருவருடைய ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்தும். 'கெர்னல்-டாக் குறிப்பு இல்லை' என்று சொன்னால், சாதாரணக் குறிப்பை இரட்டை நட்சத்திரத்தில் தொடங்கியிருக்கிறார்கள். ஒன்றை எடுத்தால் போதும்.

அறிகுறி: எல்லாச் சோதனையும் சுத்தம், போர்டில் மட்டும் சாதனம் இல்லை

ஸ்கீமா சோதனை பார்ப்பது, உங்கள் விவரணை விதிக்கு உட்பட்டிருக்கிறதா என்பதை மட்டும்தான். அதற்குப் போர்டைத் தெரியாது. ஆகவே இனிமேல் தேடல் போர்டில்தான்.

முதல் சந்தேகம் எப்போதும் பழைய டிடிபி (டிடிஎஸ்ஸைத் தொகுத்துக் கிடைக்கும் பைனரி கோப்பு) மேல் இருக்கட்டும். பூட்லோடர் வேறு பார்ட்டிஷனிலிருந்து போன மாதத்துக் கோப்பை ஏற்றிக்கொண்டிருக்கலாம். ஓடும் கெர்னலில் ப்ராக் கோப்புறையின் கீழ் 'டிவைஸ்-ட்ரீ' இருக்கும். அதை டிடிசி கொண்டு டிடிஎஸ்ஸாகத் திரும்ப மாற்றி, உங்கள் நோடு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கெர்னலைக் குறை சொல்லிப் பயனில்லை, பூட்லோடரைப் பாருங்கள். நோடு இருந்தால் ஸ்டேட்டஸ் பண்பைப் படியுங்கள். சென்சார் நோடு சரியாக இருந்தும், அதைத் தாங்கும் ஐ2சி கன்ட்ரோலர் 'டிசேபிள்ட்' ஆகவே கிடப்பது சகஜம். எஸ்ஓசி கோப்பில் அப்படித்தான் வைத்திருப்பார்கள். போர்டு கோப்பு அதை 'ஓகே' ஆக்க வேண்டும்.

இதெல்லாம் சரி என்றால், சிஸ் கோப்புறையில் ஐ2சி சாதனங்களின் கீழ் 1-0076 போல ஒரு பெயர் தெரியும். அதற்குள் 'டிரைவர்' என்ற இணைப்பு இருந்தால் டிரைவர் பிடித்துக்கொண்டது. இல்லையென்றால் இரண்டு வழி. மாட்யூலைக் கையால் ஏற்றினால் வேலை செய்கிறது, தானாக ஏறவில்லை என்றால், டிரைவரில் மாட்யூல் டிவைஸ் டேபிள் வரி விட்டுப்போயிருக்கும். கையால் ஏற்றியும் பிடிக்கவில்லை என்றால் டீபக்எஃப்எஸ்ஸில் 'டிவைசஸ்_டெஃபர்ட்' கோப்பைப் படியுங்கள். எந்த ரெகுலேட்டருக்காக, எந்தக் கடிகாரத்துக்காகக் காத்திருக்கிறது என்று பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும். அந்த ரெகுலேட்டரின் டிரைவரை உங்கள் கெர்னல் கட்டமைப்பில் இயக்க மறந்திருப்பீர்கள்.

டிரைவர் பிடித்தது, ஆனால் ஈரப்பத அளவு மட்டும் வரவில்லையா? சந்தையில் பிஎம்இ280 என்ற பெயரில் பிஎம்பி280 விற்கப்படுவது உண்டு. பிந்தையதில் ஈரப்பத சென்சாரே கிடையாது. பதினாறடி டி0 ரெஜிஸ்டரைப் படியுங்கள்: பிஎம்இ280 என்றால் 60, பிஎம்பி280 என்றால் 58 வரும். 58 வந்தால் டிரைவரை ஆராய்வதை நிறுத்திவிட்டு, கம்பாட்டிபிளை போர்டில் உண்மையில் இருக்கும் சிப்புக்கு மாற்றுங்கள். எந்த ஸ்கீமாவும் இதைக் கண்டுபிடித்திருக்காது.

இன்டரப்ட் வரவே இல்லை என்றால், ப்ராக்கில் உள்ள இன்டரப்ட்ஸ் கோப்பில் எண்ணிக்கை ஏறுகிறதா பாருங்கள். பூஜ்யத்திலேயே நின்றால், ஆர்மின் இன்டரப்ட் கன்ட்ரோலரான ஜிஐசியின் கணக்கைச் சரிபாருங்கள். ஜிஐசியில் பகிரப்பட்ட இன்டரப்ட்கள் 32இலிருந்து தொடங்கும், டிவைஸ் ட்ரீயில் எழுதும்போது அந்த 32ஐக் கழித்துவிட வேண்டும். கையேட்டில் 72 என்று இருந்தால் எழுத வேண்டியது 40. சில கையேடுகள் கழித்தே அச்சிட்டிருக்கும், சில கழிக்காது. அட்டவணையின் முதல் வரிசை 0இல் தொடங்குகிறதா 32இல் தொடங்குகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

ரீசெட் பின் இருக்கும் சிப்களில், சிப் எப்போதும் உறங்கியே கிடந்தால் ஆக்டிவ்-லோ கொடியைப் பாருங்கள். ரீசெட் பின் தாழ்நிலையில்தான் இயங்கும் என்று டேட்டாஷீட் சொன்னால், டிவைஸ் ட்ரீயில் ஆக்டிவ்-லோ. நடுவில் போர்டில் ஒரு இன்வெர்ட்டர் டிரான்சிஸ்டர் இருந்தால் ஆக்டிவ்-ஹை. இதற்கு டேட்டாஷீட் மட்டும் போதாது, போர்டின் ஸ்கீமேட்டிக்கும் வேண்டும்.

அறிகுறி: பிழையே இல்லாத பேட்ச் திரும்பி வருகிறது

பைண்டிங் தனி பேட்சாக, டிரைவருக்கு முன்னால் இருக்க வேண்டும். தலைப்பு 'டிடி-பைண்டிங்ஸ்' என்று தொடங்க வேண்டும். டிடிஎஸ் மாற்றம் டிரைவர் மரம் வழியாகப் போகாது, அந்த எஸ்ஓசியின் பராமரிப்பாளர் வழியாகப் போகும். புது நிறுவனப் பெயர் என்றால் 'வெண்டர்-ப்ரிஃபிக்ஸஸ்' கோப்பில் அகர வரிசைப்படி ஒரு வரி சேர்க்க வேண்டும். இவை எல்லாம் வடிவம் சார்ந்தவை, பத்து நிமிடத்தில் திருத்திவிடலாம்.

விவரிப்பு டிரைவரைப் பற்றியதாக இருந்தால் அது கடினமான திருத்தம். 'இந்த டிரைவர் இதைப் படித்து இப்படிச் செய்யும்' என்ற வாக்கியங்களைக் கண்டதும் பராமரிப்பாளர்கள் நிறுத்திவிடுவார்கள், அது நியாயம்தான். அதே டிவைஸ் ட்ரீயை யு-பூட்டும் படிக்கிறது, பிஎஸ்டி கெர்னல்களும் படிக்கின்றன. சிப்பில் என்ன இருக்கிறது, போர்டில் எப்படி இணைத்திருக்கிறது என்று மட்டும் திரும்ப எழுதுங்கள்.

பண்பின் பெயரை மாற்றியதற்காகத் திரும்பி வந்திருந்தால், காரணம், பைண்டிங் ஒரு ஏபிஐ (மாற்றாமல் காக்க வேண்டிய ஒப்பந்தம்). களத்தில் இருக்கும் போர்டுகளின் ஃபிளாஷில் பழைய டிடிபி இருக்கிறது. நாளைய கெர்னல் அதோடும் பூட் ஆக வேண்டும். பழைய பெயரை ஸ்கீமாவில் வைத்துக்கொண்டு 'டெப்ரிகேட்டட்' என்று குறியுங்கள், புதிய பெயரைப் பக்கத்தில் சேருங்கள். டிரைவர் முதலில் புதியதைத் தேடட்டும், கிடைக்காவிட்டால் பழையதைப் படிக்கட்டும். டிடிஎஸ் கோப்புகளைப் புதிய பெயருக்கு மாற்றும் பேட்சை அதே தொகுப்பில் திணிக்காமல், டிரைவர் மாற்றம் வெளியான ஒரு கெர்னல் பதிப்புக்குப் பிறகு அனுப்புங்கள். அப்போதுதான் புது டிடிபியைப் போட்டுப் பழைய கெர்னலை ஓட்டுபவர்களுக்கும் அவகாசம் இருக்கும்.